ஒரே மெஷினில் எல்லாம் வராது: கிஃப்ட் கடைக்கு எந்த லேசர்?

கேள்வி: பெருந்துறையில் ரிட்டர்ன் கிஃப்ட் கடை வைத்திருக்கிறேன். மக், டி-ஷர்ட் பிரிண்ட் செய்யும் மெஷின் இருக்கிறது. இப்போது ஸ்டீல் பாட்டில், பேனா, பித்தளை விளக்கு, வெள்ளிக் குங்குமச் சிமிழ் இவற்றில் பெயர் போட்டுக் கேட்கிறார்கள். பத்து ஆர்டர் வந்தால் ஆறேழு உலோகம். மீதி மரப்பலகையில் போட்டோ, அக்ரிலிக் கீ-செயின், பர்ஸ். எல்லாவற்றையும் ஈரோட்டுக்கு ஜாப் ஒர்க் அனுப்புகிறேன். ஒரு டீலர், 60 வாட் சிஓ2 லேசர் வாங்கினால் எல்லாமே செய்யலாம், 2.40 லட்சம் என்கிறார். இன்னொருவர் 20 வாட் ஃபைபர் லேசர் 2.75 லட்சம் என்கிறார். ஆன்லைனில் '40 வாட்' மெஷின் 38,000 ரூபாய்க்கே வருகிறது. 35% மானியத்தில் லோன் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் 15,000 முன்பணம் கேட்கிறார். எதை வாங்குவது?

பதில்: 20 வாட் ஃபைபர் வாங்குங்கள். ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

லேசரில் வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த ஒளியை உங்கள் பொருள் உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். சிஓ2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். மரம், அக்ரிலிக், தோல், கண்ணாடி எல்லாம் அதை உறிஞ்சும். வெறும் உலோகமோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஃபைபர் லேசரின் அலைநீளம் 1.06 மைக்ரான். ஸ்டீல், பித்தளை, அலுமினியம், வெள்ளியில் அது பதியும். மரத்திலும் தெளிவான அக்ரிலிக்கிலும் வேலைக்கு ஆகாது. அதனால்தான் 60 வாட் சிஓ2 வெறும் ஸ்டீல் டம்ளரில் ஒரு கோடுகூடப் போடாது, 20 வாட் ஃபைபர் அழுத்தமாகப் போடும். உங்கள் ஆர்டரில் ஆறேழு உலோகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிவு அங்கேயே வந்துவிட்டது.

"ஆனால் டீலர் சிஓ2-வில் உலோகத்தில் பெயர் போட்டுக் காட்டினாரே" என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். டெமோவுக்கு அவர்கள் எடுப்பது பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு, நீல நிற அலுமினிய விசிட்டிங் கார்டு. அது அனோடைஸ் செய்தது. அலுமினியத்தின் மேல் ஓர் ஆக்சைடு அடுக்கு, அதற்குள் சாயம். லேசர் அந்தச் சாயத்தை வெளுக்கச் செய்கிறது, எழுத்து வெள்ளையாகத் தெரிகிறது. பவுடர் கோட்டிங் செய்த கலர் பாட்டிலும் அப்படித்தான்: மேலே உள்ள பெயின்ட் எரிந்து போய், அடியில் ஸ்டீல் பளிச்சென்று தெரியும். இரண்டும் நல்ல வேலைதான், விற்கவும் செய்யலாம். நீங்கள் விற்கும் பாட்டில் எல்லாமே கலர் கோட்டிங் பாட்டில் என்றால் சிஓ2-வே போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாக்கர் (வார்னிஷ் போன்ற பளபளப்புப் பூச்சு) பூசிய பித்தளை விளக்கில் இதே வேலையைச் செய்தால் லாக்கர் மட்டும் எரியும், பித்தளையில் ஒன்றும் பதியாது. லாக்கர் போன இடம் காற்றுப் பட்டுச் சில மாதங்களில் கறுக்கும், வாடிக்கையாளர் திரும்பி வருவார். வெறும் ஸ்டீலில் கறுப்பாகப் பதிக்க மாலிப்டினம் கலந்த மார்க்கிங் ஸ்ப்ரே உண்டு. ஸ்ப்ரே அடித்து, உலரவைத்து, லேசர் காட்டி, மீதியைக் கழுவ வேண்டும். ஐந்து பீஸுக்குச் சரி. கல்யாண ஆர்டருக்கு 200 டம்ளர் என்றால் ஸ்ப்ரே விலையும் நேரமும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே டெமோவுக்குப் போகும்போது வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர், கடையில் விற்கும் பித்தளை விளக்கு ஒன்று, ஒரு பேனா கொண்டுபோங்கள். அவர்கள் வைத்திருக்கும் கார்டைத் தொடவிடாதீர்கள். டம்ளரில் ஸ்ப்ரே இல்லாமல் பெயர் விழுந்தால் பேசலாம்.

38,000 ரூபாய் '40 வாட்' மெஷின் டயோடு லேசர். அந்த 40 என்பது பெரும்பாலும் மின்சாரம் உள்ளே இழுக்கும் அளவு. வெளியே வரும் ஒளி 5 முதல் 10 வாட்தான். விளம்பரத்தில் 'ஆப்டிகல் பவர்' எவ்வளவு என்று தேடுங்கள், எழுதவில்லை என்றால் குறைவு என்று பொருள். மரப் போட்டோவுக்கு அது நன்றாகவே உதவும். தெளிவான அக்ரிலிக்கில் ஒளி ஊடுருவிப் போய்விடும். 60 வாட் சிஓ2-விலும் இதே வாட் மோசடி உண்டு, ஆனால் அங்கே அளவுகோல் எளிது. உண்மையான 40 வாட் கண்ணாடி டியூப் (லேசர் ஒளி உண்டாகும் குழாய்) சுமார் 70 செ.மீ. நீளம், 60 வாட் டியூப் 1 மீட்டரை எட்டும். மூடியைத் திறந்து டேப் வைத்து அளந்தால் போதும். என்றைக்காவது சிஓ2 வாங்கினால் கூடவே டியூபுக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் சிடபிள்யூ-3000 சில்லர் கொடுக்கிறேன் என்பார்கள். அதில் கம்ப்ரசர் கிடையாது, ஃபேன் மட்டும். அறை வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்க அதனால் முடியாது. டியூப் கேட்பது 15 முதல் 25 டிகிரி. ஈரோடு மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அந்தச் சில்லரை நம்பினால் டியூப் ஆயுள் பாதியிலேயே முடியும். கம்ப்ரசர் உள்ள சிடபிள்யூ-5200 கேளுங்கள்.

இனி ஃபைபருக்கு வருவோம். 30, 50 வாட் ஆழமாக வெட்டுவதற்கு. பெயர், லோகோ, தேதிக்கு 20 போதும். 'மோபா' வகை (ஒளித் துடிப்பின் நீளத்தை மாற்றக்கூடிய ஃபைபர் லேசர்) எடுங்கள், கலர் கலராக வரும் என்பார்கள். அனோடைஸ் அலுமினியத்தில் கறுப்பு எழுத்தும் ஸ்டீலில் நிறமும் வேண்டுமென்றால்தான் அது தேவை. அந்த நிறமும் ஸ்டீல் லாட் மாறினால் மாறும். உங்களுக்கு வேண்டாம்.

லென்ஸைத்தான் கவனிக்க வேண்டும். 160 மி.மீ. ஃபோகல் லென்ஸ் 11 செ.மீ. சதுரம் எழுதும், எழுத்து கூர்மையாக இருக்கும். 254 லென்ஸ் 17.5 செ.மீ. சதுரம் எழுதும், ஃபோகஸ் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தாங்கும். பாட்டிலும் விளக்கும் செய்யும் உங்களுக்கு 254. தாம்பாளம் பெரிது என்பதற்காகப் பெரிய லென்ஸ் கேட்காதீர்கள்; எழுதும் பெயரின் அகலம்தான் கணக்கு. ஆனால் இந்த லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளி வேண்டும். அதற்குக் கீழே ரோட்டரியும் (பாட்டிலைச் சுழற்றும் கருவி) பாட்டிலும் உட்கார வேண்டும். லென்ஸ் ஏறி இறங்கும் தூண் 50 செ.மீ. மட்டும் உள்ள மெஷினில் பாட்டிலே இடிக்கும், உயரமான விளக்கை நிறுத்தவே முடியாது. 80 செ.மீ. தூண் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்றுவது கஷ்டம்.

ரோட்டரி இல்லாமல் பாட்டிலில் எழுத முடியுமா? பாதி வேலைக்கு முடியும். 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலைப் படுக்கவைத்து, பெயரை நீளவாக்கில், 2 செ.மீ. உயர எழுத்தில் எழுதினால், வளைவினால் ஓரத்தில் ஏற்படும் இறக்கம் சுமார் 1.5 மி.மீ.தான். 254 லென்ஸ் அதைச் சமாளிக்கும். ஃபோகஸை உச்சியில் வைக்காமல் முக்கால் மி.மீ. கீழே வையுங்கள். அதே பெயரைச் சுற்றுவாக்கில் 6 செ.மீ. அகலத்துக்கு எழுதினால் இறக்கம் 17 மி.மீ. ஆகிவிடும், நடு எழுத்து தெளிவாகவும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மங்கலாகவும் வரும். அதற்கு ரோட்டரி கட்டாயம்.

கோட்டிங் பாட்டிலுக்குத் தொடக்க அளவு: வேகம் 1000 மி.மீ./நொடி, பவர் 50%, ஃப்ரீக்வென்சி 30 கிலோஹெர்ட்ஸ், ஹேட்ச் (எழுத்தின் உள்ளே நிரப்பும் கோடுகள்) இடைவெளி 0.05 மி.மீ. கோட்டிங் முழுதும் போகவில்லை என்றால் பவரை ஏற்றாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள். இரட்டைச் சுவர் ஃப்ளாஸ்கின் வெளித்தகடு மெல்லியது, ஆழமாகத் தோண்டினால் வெற்றிடம் போய்ச் சூடு நிற்காது. வெறும் ஸ்டீலில் ஆழமாக வெட்டிய எழுத்து கழுவக் கழுவத் துருப்பிடிக்கக்கூடும், ஏனென்றால் துருவைத் தடுக்கும் குரோமியப் படலம் அந்த இடத்தில் குலைந்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்து, ஃபோகஸை ஓரிரு மி.மீ. விலக்கி, சூட்டினால் மட்டும் கறுக்கவிடுங்கள். வெள்ளிச் சிமிழ் பெரும்பாலும் மெல்லிய தகடு. ஒரே ஓட்டம், அதற்கு மேல் வேண்டாம். வாடிக்கையாளர் வெள்ளியைத் தொடுமுன் அதே தடிமனுள்ள துண்டில் சோதியுங்கள்.

தமிழ் எழுத்து பற்றி எந்த டீலரும் வாயைத் திறப்பதில்லை. ஃபைபர் மெஷினோடு வரும் ஈஸிகேட் மென்பொருளில் நேரடியாகத் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். கோரல் டிராவிலோ இன்க்ஸ்கேப்பிலோ பெயரைத் தட்டி, 'கர்வ்' ஆக (எழுத்தை வெறும் வடிவமாக) மாற்றி, டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொண்டுபோய் ஹேட்ச் போடுவதுதான் வழி. டெமோவில் ஸ்ரீநிவாசன், பொன்னி, கௌசல்யா என்ற மூன்று பெயரைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அதைச் செய்யத் தெரியாத ஆள் உங்களுக்குப் பயிற்சி தர வந்தால் பயனில்லை.

பர்ஸ் விஷயம்: தோல் என்று விற்பதில் பாதி ரெக்சின், அதாவது பிவிசி. எந்த லேசரிலும் அதை எரிக்கக் கூடாது. வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு. நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ரெக்சினில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். ஜுவாலை பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, ஆர்டரைத் திருப்பி அனுப்புங்கள். ஃபைபர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியும் சிவப்புப் புள்ளி வழிகாட்டி மட்டும். பளபளப்பான பித்தளையில் பட்டுத் திரும்பும் ஒளியே விழித்திரையை எரிக்கப் போதும். ஆட்கள் வந்துபோகும் கடை என்பதால் மூடிய பெட்டி மாடலே எடுங்கள். கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியில் '1064' (1.06 மைக்ரான், நானோமீட்டரில்) என்றும் ஓடி எண்ணும் (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) அச்சிட்டிருக்க வேண்டும். இலவசமாகத் தரும் பச்சைப் பிளாஸ்டிக்கை நம்பாதீர்கள்.

கொட்டேஷனில் எழுத்தில் வரவேண்டியவை: லேசர் சோர்ஸ் (ஒளியை உண்டாக்கும் பாகம்) எந்த கம்பெனி, ரேகஸா, ஜேபிடியா, மேக்ஸா, அதன் மாடல், சீரியல் நம்பர், லென்ஸ், தூண் உயரம், ரோட்டரி சேர்ந்ததா, ஒரிஜினல் கன்ட்ரோல் போர்டும் லைசென்ஸும். நகல் போர்டு அப்டேட்டில் செத்துப் போகலாம். "ஒரு வருடம் வாரண்டி" என்றால் சோர்ஸுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். 2.75 லட்சம் ஜிஎஸ்டி சேர்த்தா என்றும் கேளுங்கள். 18% தனி என்றால் இன்னும் 49,500. பில் இல்லாமல் வாங்கினால் அது மிச்சம் என்பார்கள். பில் இல்லாத மெஷினுக்கு வாரண்டியும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. நீங்கள் சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் கட்டிய வரி இன்புட் கிரெடிட்டாகத் திரும்பும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் முறை) இருந்தால் திரும்பாது. கடைசி 20% பணத்தை மெஷின் உங்கள் கடையில் உங்கள் டம்ளரில் எழுதிய பிறகு கொடுங்கள். மெஷின் வருமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள், 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யுங்கள். 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் போதும். பாதி எழுத்தில் கரண்ட் போனால் அந்த பீஸ் வீண்.

இப்போது ஏஜென்ட். 35% மானியம் என்று அவர் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பிஎம்இஜிபி. பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35%, நகர்ப்புறத்தில் 25%. ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டும். நடந்துகொண்டிருக்கும் உங்கள் கடைக்குக் கிடையாது. "வீட்டுக்காரர் பெயரில் புதிதாகக் காட்டலாம்" என்று அடுத்த யோசனை வரும். கணவன் மனைவி சேர்ந்து ஒரு குடும்பம், ஒருவருக்குத்தான் மானியம், நேரில் வந்து பார்த்துத்தான் விடுவிப்பார்கள். அந்தப் பணமும் கையில் வராது; 3 ஆண்டு வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். விண்ணப்பம் ஆன்லைனில் இலவசம், உத்யம் பதிவும் (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம். இவ்வளவு எளிய விதிகளை வங்கிக் கிளையிலோ மாவட்டத் தொழில் மையத்திலோ ஒரு தாளில் தமிழில் ஒட்டி வைத்தால் இந்த ஏஜென்டுகளுக்குப் பிழைப்பே இருக்காது. ஒட்டுவதில்லை, அலைக்கழிக்கப்படும் மக்கள் இவர்களிடம் போய் விழுகிறார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது முத்ரா கடன், 'கிஷோர்' பிரிவு, 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. மானியம் இல்லை, ஆனால் சொத்து ஜாமீனும் இல்லை. இந்த அளவுச் சிறு தொழில் கடனுக்கு ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கிளையில் நகையோ பத்திரமோ கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். உத்யம் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு, ஜாப் ஒர்க்குக்கு நீங்கள் கட்டிய பில்கள், மெஷின் கொட்டேஷன் எடுத்துப் போங்கள். அந்த ஜாப் ஒர்க் பில்கள்தான் உங்களுக்கு ஆர்டர் இருக்கிறது என்பதற்குச் சாட்சி, ஒன்றையும் விடாதீர்கள்.

மரப் போட்டோவையும் அக்ரிலிக்கையும் இப்போதைக்கு ஈரோட்டுக்கே அனுப்புங்கள். அதற்கு மாதம் கட்டும் தொகை மூன்று மாதம் தொடர்ந்து 8,000 ரூபாயைத் தாண்டினால், அப்போது சிஓ2 விலை கேளுங்கள்.