கட்சிக்காரர் என்பதால் வேலையை விட்டு அனுப்பலாமா?

வாசகர் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். அரசியல் சார்பைப் பார்த்து ஊழியர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தால், கட்சிப் பேச்சால் மற்றவர்களைத் தினமும் நோகடிக்கும் ஒருவரைக்கூட நீக்க முடியாமல் போய்விடுமோ என்று கேட்கிறார்.

நீக்கலாம். ஆனால் எதற்காக நீக்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் இன்ன கட்சி என்பதற்காக என்றால் மாட்டிக்கொள்வீர்கள். வேலையிடத்தில் அவர் செய்த காரியத்துக்காக, அதையே வேறு கட்சிக்காரர் செய்திருந்தாலும் இதே நடவடிக்கைதான் எடுத்திருப்பேன் என்று காட்ட முடிந்தால், பாகுபாடு என்ற குற்றச்சாட்டு நிற்பது கஷ்டம்.

இது புதிதாக முளைத்த யோசனையும் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 111-வது உடன்படிக்கை 1958-லேயே, வேலையில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் இனம், மதம், பாலினத்தோடு அரசியல் கருத்தையும் சேர்த்துவிட்டது. வேலையின் தன்மையே கேட்கும் தகுதி பாகுபாடு ஆகாது என்றும் அதில் இருக்கிறது. அதாவது கட்சித் தலைவருக்கு உரை எழுதுபவர் அந்தக் கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அதே அலுவலகத்தில் தரை துடைப்பவரிடம் கேட்டால் எடுபடாது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்த வழக்கு ஒன்றை அடிக்கடி நினைப்பேன். மாற்றுத்திறனாளிகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், பயணிகளில் பெரும்பாலோர் ஆசிய வம்சாவளியினர், அவரோ வெள்ளையர்களை மட்டுமே சேர்த்த கட்சியின் சார்பில் 2004-ல் கவுன்சிலர் ஆனார், உடனே வேலை போனது. அவர் வேலையில் ஒரு புகாரும் இல்லை. சிறந்த ஊழியர் விருதுக்கு அவரைப் பரிந்துரைத்த மேற்பார்வையாளரே ஆசிய வம்சாவளியினர்தான். 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீக்கியதே தவறு என்று அது சொல்லவில்லை, ஒரு வருடம்கூட வேலை செய்யாதவர் என்பதால் நியாயம் கேட்கவே அவருக்கு வழியில்லாமல் போனதைத்தான் குறை சொன்னது. அந்தக் கட்சியின் கொள்கை எனக்கு அருவருப்பானது, ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். எச்சரிக்கைக் கடிதத்தில் ‘கட்சிப் பிரசாரம் செய்கிறீர்கள்’ என்று பொத்தாம் பொதுவாக எழுத வேண்டாம். எந்த நாள், யாரிடம், என்ன வார்த்தை சொன்னார், கேட்டவர் என்ன ஆனார் என்று எழுதுங்கள். அவர் தரப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களுக்குப் பிடித்த கட்சியின் படம் அலுவலகச் சுவரில் தொங்கினால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.