டிடர்மினரை மனப்பாடம் செய்ய வேண்டாம் தம்பி

பி.காம். முடித்து, குரூப் 4-க்குப் படித்துவிட்டு, இப்போது மத்திய அரசு வேலைகளுக்கான பட்டதாரித் தேர்வான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். பக்கம் திரும்பியிருக்கிறீர்கள். டிடர்மினர், அதாவது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் எ, தி, மை, ஈச் போன்ற சொற்கள், எத்தனை முறை படித்தாலும் மண்டையில் நிற்கவில்லை, இதற்காகக் கோச்சிங் சேரலாமா என்று கேட்கிறீர்கள். பணத்தைக் கொஞ்சம் பத்திரமாக வையுங்கள். அதைக் கடைசியில் பேசலாம்.

இப்போதுள்ள முறைப்படி சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். மொத்தம் 200 மதிப்பெண்ணில் 50 அங்கே இருக்கிறது, ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் போகும். டிடர்மினர் என்று தலைப்புப் போட்டுக் கேட்க மாட்டார்கள். பிழை கண்டுபிடி, கோடிட்ட இடத்தை நிரப்பு, க்ளோஸ் டெஸ்ட் (ஒரு பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) இவற்றுக்குள் அது ஒளிந்துகொண்டு வரும்.

உங்களுக்கு ஏன் நிற்கவில்லை? பட்டியலாகப் படிக்கிறீர்கள், அதனால்தான். தமிழில் ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்தில் ‘புக்’ என்ற ஒருமைச் சொல் அப்படித் தனியாக நிற்காது. முன்னால் எ, தி, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும். இது நம் காதுக்கு உறுத்தாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பெயர்ச்சொல்லைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ண முடியுமா? ஒன்றா, பலவா? எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரிந்தது என்றால் தி. தெரியாத, எண்ணக்கூடிய ஒன்று என்றால் எ அல்லது ஆன். அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் எல்லாம் எண்ண முடியாதவை. அவற்றுக்கு முன்னால் எ வராது, மெனி வராது. பின்னால் எஸ்ஸும் சேராது.

எ, ஆன் குழப்பம் நமக்கு வரவே கூடாது. ஒரு நாள், ஓர் ஆண்டு என்று எழுதிப் பழகியவர்கள்தானே? ஒரே வித்தியாசம், அங்கே எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். யுனிவர்சிட்டி ‘யு’ என்று தொடங்குவதால் எ. ஹவர் என்பதில் முதல் எழுத்து ஒலிக்காது, அதனால் ஆன். எம்.பி.ஏ. ‘எம்’ என்று உயிரொலியில் தொடங்குவதால் அதற்கும் ஆன்.

நிறையப் பேர் மதிப்பெண்ணைத் தொலைக்கும் இடம் ஃப்யூ, எ ஃப்யூ. இரண்டுக்கும் ‘சில’ என்று நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள், அதை அடித்துவிடுங்கள். ‘ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் ஆளே அவ்வளவாக வரவில்லை என்ற குறை. ‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் பரவாயில்லை, நாலு பேர் வந்தார்கள். லிட்டில், எ லிட்டில் இரண்டும் இப்படித்தான், ஆனால் பணம், நேரம், தண்ணீர் போல எண்ண முடியாதவற்றுக்கு. வாக்கியத்தின் மிச்சப் பகுதி புலம்புகிறதா, ஆறுதல் சொல்கிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

அப்புறம் ‘ஈச்’. மாணவர்கள் ஒவ்வொருவரும் வந்தார்கள் என்று நாம் பன்மையில் முடிப்போம். ஆங்கிலத்தில் ‘ஈச் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் ‘ஹேஸ்’தான், ‘ஹேவ்’ கிடையாது. ‘ஒன் ஆஃப் மை’ வந்தால் அடுத்து ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை. எ, தி, திஸ், மை, ஹிஸ் இந்தக் கூட்டத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒன்றுதான் வரும். ‘எ மை ஃப்ரெண்ட்’ தப்பு, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ சரி. ஆல், போத், ஹாஃப் போன்ற சில சொற்கள் இவற்றுக்கு முன்னால் வரலாம்: ஆல் மை புக்ஸ்.

தனியார் வேலை நேர்காணலிலும் இது உதவும். ‘ஐ ஆம் காமர்ஸ் கிராஜுவேட்’ என்றுதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். நடுவில் ஓர் எ விட்டுப்போகிறது.

பயிற்சிக்கு ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை நகலெடுத்து, எ, ஆன், தி எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிடுங்கள். மறுநாள் நீங்களே நிரப்பி, அசலோடு ஒப்பிடுங்கள். கூடவே பழைய வினாத்தாள்களில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளை மட்டும் தினமும் போடுங்கள்.

ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அதன் பிறகும் தடுமாறினால் கோச்சிங் யோசிக்கலாம். அப்போதும் ஆங்கிலத்துக்கு மட்டும் சேர முடியுமா என்று முதலில் கேளுங்கள். முழுப் படிப்புக்கான கட்டணத்தையும் முதல் நாளே கட்டிவிட வேண்டாம்.