சுருளும் மேப்பிள் இலை, அழுகும் பூசணி, வேகாத கேக்: மூன்றுக்கும் ஒரே மருந்து

கேள்வி: டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறோம். 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இலையுதிர் காலம் வந்தாலே இருவரும் பை நிறைய மேப்பிள் இலை பொறுக்கி வந்துவிடுவார்கள். சுவரில் ஒட்டினால் மூன்றே நாளில் சுருண்டு பழுப்பாகிவிடுகிறது. போன வருடம் ஹாலோவீனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பூசணியைச் செதுக்கி வைத்தோம். அந்த நாள் வருமுன்பே பூஞ்சணம் பிடித்துச் சரிந்துவிட்டது. தோண்டி எடுத்த சதையில் கேக் செய்தேன், நடுவில் களி மாதிரி நின்றுவிட்டது. நவராத்திரி சமயத்தில் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லாமல் இந்தப் பருவத்தை வீட்டுக்குள் எப்படிக் கொண்டாடுவது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் ஈரம்தான். இலையிலிருந்து ஈரம் போய்விட்டது. பூசணியில் வெட்டிய இடமெல்லாம் ஈரம் கசிந்து பூஞ்சணத்துக்கு வழி விட்டது. கேக்கில் ஈரம் அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஈரத்தை எங்கே நிறுத்துவது, எங்கே வடிப்பது என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

முதலில் இலை. டொராண்டோவில் நிறம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் அக்டோபர் நடுவில். வடக்கே அல்கோன்குவின் பூங்கா பக்கம் அதற்கு முன்பே முடிந்துவிடும். பச்சையம் சிதைந்ததும், கோடை முழுக்க இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அது அந்தச் சமயத்தில் புதிதாக உருவாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாகச் சில நாள் தொடர்ந்தால் சிவப்பு நன்றாக ஏறும். அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு வரும் முதல் வறண்ட காலையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், நனைந்த இலையில் கறை விழும்.

அன்று விழுந்த இலையாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுக்கலாம்: இலையை விரலில் சுற்றிப் பார்க்க வேண்டும். நொறுங்காமல், சத்தம் வராமல் வளைந்தால் அதில் இன்னும் ஈரம் இருக்கிறது, பையில் போடலாம். விளிம்பில் சரசரவென்று சத்தம் வந்தால் விட்டுவிடலாம். உங்கள் தெருவோரங்களில் நார்வே மேப்பிள் நிறைய நிற்கும். அதன் இலையில் தார் சிந்தியதுபோலக் கறுப்பு வட்டங்கள் இருக்கும். அது ஒரு பூஞ்சை, மரத்துக்குப் பெரிய கேடில்லை. ஆனால் அலங்காரத்துக்கு எடுபடாது, ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலோ மாகாணப் பூங்காக்களிலோ இலை, பைன் கூம்பு என்று எதையும் எடுத்து வரக் கூடாது. தெருவோரமும் தெரிந்தவர்கள் வீட்டு முற்றமும் போதும். இரண்டாவது, பள்ளத்தாக்கு நடைபாதை ஓரங்களில் 'பாய்சன் ஐவி' வளர்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். இலையுதிர் காலத்தில் அது அழகாகச் சிவக்கும், பிள்ளைகள் கை தானாகவே அங்கே போகும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் வரும். இலை காய்ந்த பிறகும் அந்த எண்ணெய் அப்படியே இருக்கும். மூன்றாக நிற்கும் சிவப்பு இலையைத் தொடவே கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கொண்டுவந்த இலைக்குக் கிளிசரின்தான் என் முதல் தேர்வு. மருந்துக் கடையில் ஒரு சிறு பாட்டில் வாங்கினால் போதும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, தட்டையான பேக்கிங் தட்டில் ஊற்றுங்கள். இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு தட்டை வைத்து முழுக்க அமிழ்த்துங்கள். நான்கைந்து நாள் அப்படியே இருக்கட்டும். இலையிலிருந்த தண்ணீரின் இடத்தில் கிளிசரின் போய் உட்கார்ந்துவிடும். தண்ணீர்போல அது ஆவியாகிப் போகாது, அதனால்தான் இலை சுருளாது.

வெளியே எடுக்கும்போது இலை வழவழவென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்த தண்ணீரில் அலசி, காகிதத் துவாலையில் ஒற்றி எடுங்கள். இப்போது காம்பைப் பிடித்து மடக்கிப் பாருங்கள், மெல்லிய தோல்போல வளைந்து கொடுக்கும். பிடித்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியும். நிறம் மட்டும் ஒரு படி இருளும். சிவப்புக்கு அந்த இருள் நன்றாகவே பொருந்தும், மஞ்சள்தான் கொஞ்சம் பழுப்புப் பக்கம் சாயும்.

அதனால் மஞ்சள் இலைக்கு மெழுகு. அதை முதலில் செய்தித்தாளுக்கு இடையே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு வாரம் அழுத்துங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளை ஒருமுறை மாற்றினால் கறுக்காது. பிறகு தேன்மெழுகை ஒரு தகர டப்பாவில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். காம்பைப் பிடித்து ஒரு முக்கு முக்கி, சொட்டு நின்றதும் நூலில் தொங்கவிடுங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகள் நூல் கட்டட்டும்.

இனி இதை எங்கே வைப்பது? சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டுவதைவிடத் தோரணமாகக் கட்டுங்கள். ஊரில் நிலைவாசலுக்கு மாவிலை கட்டும் அதே முறைதான். சணல் நூலில் காம்பைச் சுற்றி முடிந்தால் ஒட்டும் டேப்பே தேவையில்லை. நவராத்திரி சில வருடம் செப்டம்பரிலும் சில வருடம் அக்டோபரிலும் வருகிறது. அக்டோபரில் வந்தால் கொலுப்படி ஓரத்திலும் கும்பம் வைக்கும் மேசையிலும் இந்த இலைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு பொருத்தமாக இருக்கும். ஆனால் குத்துவிளக்குக்கும் அகலுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மெழுகு பூசிய இலை சட்டென்று பற்றிக்கொள்ளும். அதேபோல ஹீட்டர் காற்று வரும் துளைக்கு மேலேயும் கட்டாதீர்கள். ஹீட்டர் போடத் தொடங்கியதும் வீட்டுக் காற்று வறண்டுவிடும், உங்கள் பழைய இலைகள் மூன்று நாளில் சுருண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பைன் கூம்பு சேர்க்க ஆசைப்பட்டால், அலுமினியத் தாளில் பரப்பி 95 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் ஓவனில் வையுங்கள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி சாகும், பிசின் உருகிப் பளபளப்பாகும், மூடிய கூம்பும் விரியும்.

அடுத்தது பூசணி. உங்கள் பூசணியில் குறையில்லை, செதுக்கிய தேதிதான் முந்திவிட்டது. தோல் கிழியாத பூசணி குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் இரண்டு மாதம்கூட நிற்கும். கத்தி பட்டதும் அது ஒரு வாரச் சரக்கு. ஹாலோவீன் அக்டோபர் 31 என்றால் 28, 29-க்கு முன் கத்தியை எடுக்காதீர்கள்.

வாங்கும்போது காம்பு கெட்டியாக, முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கும்போது அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் அமுங்கக் கூடாது. பால்கனியில் வைப்பதானால் வெறும் கான்கிரீட்டில் வைக்காமல் கீழே அட்டை போடுங்கள். உறைபனி விழும் என்று வானிலை அறிக்கை சொன்ன இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். ஒருமுறை உறைந்து இளகிய பூசணி தேறாது.

6 வயதுப் பிள்ளைக்குக் கத்தியே வேண்டாம். அவருக்கென்று ஒரு சின்னப் பூசணி வாங்கி, செப்டம்பர் கடைசியிலேயே மார்க்கராலோ அக்ரிலிக் வண்ணத்தாலோ வரையக் கொடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போவது அதுதான். செதுக்கிய பூசணியை, 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து உள்ளும் புறமும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இதைப் பெரியவர்களே செய்யட்டும். உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. சுடர் உள்பக்கத்தை வேகவைத்துவிடும், வெந்த சதை இன்னும் வேகமாக அழுகும். வேலை முடிந்ததும் விளக்கை எடுத்துவிட்டு உணவுக் கழிவுத் தொட்டியில் போடலாம். வண்ணம் பூசியது, பிளீச் பட்டது எதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம் கேக். இங்கேதான் நம் வீடுகளில் பலரும் தடுமாறுகிறார்கள். ஹாலோவீனுக்குக் குவித்து விற்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி செதுக்குவதற்கென்றே வளர்க்கப்படுவது. சதை நார் நாராக இருக்கும், தண்ணீர் அதிகம், இனிப்பு குறைவு. தாவரவியலில் அது குக்கர்பிட்டா பீப்போ இனம். நாம் கூட்டும் சாம்பாரும் வைக்கிற மஞ்சள் பூசணி, அதாவது பரங்கி, குக்கர்பிட்டா மோஸ்கேட்டா இனம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பட்டர்நட் ஸ்குவாஷும் அதே இனம்தான். அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து வரும் பூசணி விழுதில் பெரும்பகுதியும் மோஸ்கேட்டாவிலிருந்தே வருகிறது. ஆக, நல்ல கேக்குக்கான காய் உங்கள் பக்கத்துத் தமிழ்க் கடையில் கீற்றுப் போட்டு விற்கும் பூசணிதான். இல்லாவிட்டால் பட்டர்நட் வாங்குங்கள். அலங்காரத்துக்கு ஒரு காய், கேக்குக்கு வேறு காய் என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி வடிப்பதில் இருக்கிறது. காயை நீரில் வேகவைக்காதீர்கள். தோலோடு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 200 டிகிரியில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் சுடுங்கள். கரண்டியால் வழித்து மசித்து, மெல்லிய வேட்டித் துணியில் கட்டி வடிகட்டி மேல் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு விடுங்கள். காலையில் கீழே சேர்ந்திருக்கும் மஞ்சள் தண்ணீரைப் பார்த்தால் போன வருடக் கேக் ஏன் வேகவில்லை என்று புரிந்துவிடும். அந்தத் தண்ணீரைச் சாம்பாரில் சேர்த்துவிடலாம். கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்தால் ஓடாமல் குவியலாக நிற்க வேண்டும், அதுதான் பதம்.

முட்டையில்லாத அளவு இது: மைதா 220 கிராம், பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் வடித்த விழுது 225 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், பழுப்புச் சர்க்கரை 180 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 100 மில்லி. இரண்டையும் மாவு மறைகிற வரை மட்டும் மெதுவாகக் கலக்குங்கள். அதற்குமேல் அடித்தால் கேக் ரப்பராகும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்குவதால் கலக்கியதும் ஓவனுக்குப் போய்விட வேண்டும். 9 அங்குலத்துக்கு 5 அங்குல ரொட்டி அச்சில், முன்பே சூடாக்கிய ஓவனில், 175 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுவில் குத்திய குச்சி ஈர மாவு இல்லாமல் வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது, நடுவில் 95 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. முழுக்க ஆறும் முன் வெட்டாதீர்கள்.

மைதாவோடு சேர்த்துச் சலிக்க வேண்டிய மசாலாவை 'பம்ப்கின் ஸ்பைஸ்' என்று புட்டியில் வாங்க வேண்டாம். இரண்டு தேக்கரண்டி கறுவாப் (இலவங்கப்பட்டை) பொடி, அரைத் தேக்கரண்டி சுக்கு, கால் தேக்கரண்டி சாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்பு. எல்லாம் உங்கள் அலமாரியிலேயே இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் கறுவா என்று விற்பது பெரும்பாலும் தடித்த காசியாப் பட்டை, காரம் தூக்கலாக இருக்கும். இலங்கைக் கறுவா மெல்லியது, மணமும் மென்மை. அதை வாங்கி வீட்டில் பொடித்தால் இந்தக் கேக்கே வேறு தரத்துக்குப் போய்விடும்.

ஆப்பிள் பறிக்கத் தோட்டத்துக்குப் போவீர்களானால் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். மெக்கின்டாஷ் 1811-ல் ஒன்டாரியோவில் கண்டெடுக்கப்பட்ட இந்த மண்ணின் பழம், சாப்பிட அருமை, ஆனால் ஓவனில் குழைந்துவிடும். அதை மசித்துக் கறுவா சேர்த்துக் காய்ச்சுங்கள். பழம் துண்டு துண்டாக நிற்க வேண்டிய ஆப்பிள் பை (pie), கிரம்பிள் போன்ற ஓவன் பண்டங்களுக்கு நார்தர்ன் ஸ்பை அல்லது ஹனிகிரிஸ்ப். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை, பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்ய அன்றைக்கு நேரம் கிடைக்கும்.

கடைசியாக, விதை. செதுக்கும் பூசணியின் சதை கேக்குக்கு உதவாவிட்டாலும் விதை நன்றாக இருக்கும். பிளீச் தொடும் முன்பே, தோண்டிய கையோடு விதையை எடுத்துவிடுங்கள். நாரை அலசி, துணியில் பரப்பி ஒரு இரவு உலர்த்துங்கள். இங்கேயும் ஈரம் போகாவிட்டால் மொறுமொறுப்பு வராது. கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள் பிசிறி, 150 டிகிரியில் 25 நிமிடம் வறுங்கள். பாதியில் ஒருமுறை கிளறிவிடுங்கள். 6 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது மட்டும் ஓட்டை உரித்துக் கொடுங்கள்.