செவ்வாயிலிருந்து தெளிவான வீடியோ வருமா?

ஆன்டெனா வேலையிலேயே காலம் போனவன் என்பதால், நம் காரைக்குடி வட்டாரத்து ஆட்கள் சிலர் வேற்றுக் கிரகத்து வீடியோ பற்றிக் கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் (தரையில் ஓடும் ஆய்வு வண்டி) செவ்வாயில் இறங்கியதை ஏன் நேரலையாகக் காட்டவில்லை? (மாணவர், தேவகோட்டை)

அது இறங்கியது 2021 பிப்ரவரி 18. வீடியோவை நாம் பார்த்தது நாலு நாள் கழித்து. ரோவர் தன் பதிவுகளை செவ்வாயைச் சுற்றிவந்து தலைக்கு மேலே கடந்து போகும் சுற்றுக்கலத்திடம் சில நிமிடங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். சுற்றுக்கலம் அதைப் பூமிக்கு அனுப்பும் வேகமோ நொடிக்குச் சில மெகாபிட்தான். இதுவே முன்னேற்றம்தான்: 1965-இல் செவ்வாயைக் கடந்துபோன மரைனர் 4 விண்கலம் அனுப்பிய வேகம் நொடிக்கு 8 பிட் சொச்சம். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்துசேர எட்டு மணி நேரம்!

இன்னும் சக்தியாக அனுப்பினால் ஆகாதா? (பள்ளத்தூர்)

தூரம் விடாது. கானாடுகாத்தானில் அப்பச்சி வீட்டு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். சின்ன வயதில் அங்கிருந்து டார்ச் அடிப்போம். பக்கத்துத் தேக்குத் தூணில் தேங்காய் மூடி அளவு வட்டம் பளிச்சென்று விழும். பின்கட்டுச் சுவரில் அதே வெளிச்சம் அகலமாகப் பரவி மங்கிக் கிடக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. ரேடியோ அலைக்கும் இதே கணக்குதான். செவ்வாயிலிருந்து வரும் ரேடியோ அலை, பூமியைப் போலப் பல மடங்கு அகலத்துக்குப் பரவிவிடுகிறது. நம் ஆன்டெனாவில் விழுவது அதில் ஒரு துளி.

லேசர் அவ்வளவு பரவாது. 2023 டிசம்பர் 11 அன்று நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கி.மீ. தொலைவிலிருந்து, டேட்டர்ஸ் என்ற பூனை ஓடியாடும் 15 விநாடி வீடியோவை லேசரில் அனுப்பியது. வேகம் நொடிக்கு 267 மெகாபிட், லேசரின் சக்தி வெறும் 4 வாட். கலிஃபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கி அதைப் பிடித்தது. எனக்கு இதைவிடப் பெரிய செய்தி அடுத்த ஜூனில் வந்தது. 39 கோடி கி.மீ. தள்ளியிருந்தும் 8.3 மெகாபிட் கிடைத்தது. செவ்வாய் நம்மைவிட்டு மிகவும் விலகிப்போகும் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். நல்ல எச்டி வீடியோவுக்கு அந்த வேகம் தாராளம்.

மேகம் மறைத்தால்? (கண்டனூர்)

லேசர் நின்றுவிடும். அதனால் மழை குறைந்த பல இடங்களில் தொலைநோக்கி வேண்டும், ரேடியோவையும் கைவிடக் கூடாது.

தம்பி, என் பேரன் செவ்வாய்க்குப் போனால் முகம் பார்த்துப் பேசலாமா? (ஒரு ஆச்சி, கோட்டையூர்)

முகம் பார்க்கலாம் ஆச்சி, நெற்றித் தழும்புகூடத் தெரியும். ஆனால் மாற்றி மாற்றிப் பேச முடியாது. ஒளி அங்கே போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். தூரமான காலத்தில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால் பதில் வர முக்கால் மணி நேரம். ரங்கூன் கடுதாசிக்குக் காத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு இது பெரிதல்ல. அப்புறம், சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்து ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்பு சரியாக இருக்காது. அதற்கு முன்னாலேயே பேசி அனுப்பிவிடச் சொல்லுங்கள்.