எலிக்குட்டியும் வல்லாரைச் சாறும்: மகளின் ஆய்வுத் தலைப்பைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடிக்கவிருக்கும் மகள், வல்லாரைச் சாறு இளம் எலிகளின் கற்றலையும் நினைவாற்றலையும் எவ்வாறு மாற்றுகிறது என்ற தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புவதாகவும், "எலிக்குக் கீரைச் சாறு ஊற்றுவதற்கா இத்தனை வருஷம் படிக்க வைத்தோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில், நீட் தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கு வல்லாரை மாத்திரை வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அக்காவின் விஷயத்தில் மூலிகை மேல் வராத நம்பிக்கை தம்பியின் விஷயத்தில் வந்துவிட்டது! குறையாகச் சொல்லவில்லை, என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே ஆய்வகத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இது விளையாட்டுத் தலைப்பு அன்று. மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வில் செலவிடும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நரம்புச் செல்களின் சவ்வில் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருப்பதால், அந்தச் சிதைவைத் தடுக்கும் எதிர் ஆக்ஸிஜனேற்றிகள், அதாவது ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள், வளரும் மூளைக்கு உதவுமா என்பது நியாயமான கேள்வியே. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலேயே, வல்லாரையைப் போலவே நினைவாற்றல் மூலிகையாகச் சொல்லப்படும் நீர்ப்பிரம்மியை எலிகளில் சோதித்து, அதிலுள்ள பாகோசைடுகள் என்னும் வேதிப்பொருள்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. மணிப்பால் ஆய்வாளர்கள் பிறந்து சில நாள்களே ஆன எலிக்குட்டிகளுக்கு வல்லாரை இலைச்சாற்றைக் கிலோ எடைக்கு 2, 4, 6 மில்லிலிட்டர் என்று வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் அளவில் 4 முதல் 6 வாரம் பெற்ற குட்டிகள் கற்றல் சோதனைகளில் முன்னேறின. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியில் நரம்புச் செல்களின் கிளைகளும் கூடியிருந்தன. உங்கள் மகள் கால்வைக்க நினைப்பது ஏற்கெனவே தடம் பதிந்த பாதைதான்.

தடம் பதிந்த பாதையில் நெரிசலும் உண்டு. மூலிகையின் பெயரை மட்டும் மாற்றி, அதே சோதனையைச் செய்து, "நினைவாற்றல் கூடியது" என்று முடிக்கும் ஆய்வேடுகள் நம் நாட்டில் ஏராளம். ஆகவே தலைப்பு நல்லதா என்பதைக் காட்டிலும், அந்த ஆய்வகம் அதை எப்படிச் செய்கிறது என்பதையே மகள் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ரிச்சர்ட் மோரிஸ் என்னும் விஞ்ஞானி 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்த நீர்ப்புதிர்ச் சோதனை இத்துறையில் அன்றாடம் நடப்பது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, பால் பவுடரையோ வெள்ளைச் சாயத்தையோ கலந்து கலங்கலாக்கி, நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே ஒரு சிறு மேடையை மறைத்து வைப்பார்கள். எலி சுவரோரமாக நீந்திச் சுற்றும். பிறகு தற்செயலாக மேடையில் ஏறி, நனைந்த மீசையை உதறிக்கொண்டு அறையைப் பார்க்கும். நாள்தோறும் பல முறை நீந்தவிட்டால், சுவரில் ஒட்டிய படங்களை அடையாளமாகக் கொண்டு நேராக மேடைக்கே போகப் பழகிவிடும். கடைசி நாளில் மேடையை எடுத்துவிட்டு, அது இருந்த பகுதியில் எலி எவ்வளவு நேரம் தேடுகிறது என்று கணக்கிடுவார்கள். அந்த நேரம்தான் அதன் நினைவுக்குச் சாட்சி.

இங்கேதான் நேர்த்தி தேவைப்படுகிறது. சாறு எலியை மந்தமாக்கியிருந்தால் அது மெதுவாக நீந்தும். மறந்துவிட்டதோ என்று நாம் நினைப்போம். சாறு அதன் பதற்றத்தைக் குறைத்திருந்தால் சீக்கிரம் மேடைக்கு வரும். நினைவு கூடியதாக எழுதிவிடுவோம். ஆகவே நீந்தும் வேகத்தைத் தனியே அளக்கிறார்களா, எந்த எலிக்குச் சாறு கொடுத்தது என்பது அளப்பவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்களா என்று மகள் கேட்க வேண்டும். குட்டிகளை வைத்துச் செய்யும் ஆய்வில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே தாய் ஈன்ற பத்துக் குட்டிகளும் ஒரே மடியில் பாலருந்தி ஒரே கூட்டில் வளர்பவை; அவற்றைப் பத்துத் தனித்தனி விலங்குகளாகக் கணக்கிட்டால் முடிவு பொய்யான பலத்தோடு தெரியும். "ஈற்று வாரியாக, அதாவது ஒரு தாயின் குட்டிகளை ஓர் அலகாகக் கொண்டு, கணக்கிடுவீர்களா?" என்ற ஒரு கேள்விக்கு நெறியாளர் தரும் பதிலே அந்த ஆய்வகத்தின் தரத்தை ஓரளவு காட்டிவிடும். அவர் முகம் மலர்ந்தால் சேரலாம்; எரிச்சல்பட்டால் யோசிக்கலாம்.

இன்னொன்று. சாறு குடித்த எலியின் மூளையில் குளுடாதயோன் என்னும் எதிர் ஆக்ஸிஜனேற்றி கூடியிருந்தது, அந்த எலி நன்றாகவும் கற்றது என்பதால், முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. அந்தக் காரணத்தைத் துருவிப் பார்க்கும் திட்டமாக இருந்தால் மட்டுமே நான்கைந்து ஆண்டுகளை அதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

செடியையும் சரிபார்க்க வேண்டும். பிரம்மி என்ற பெயரில் சில இடங்களில் நீர்ப்பிரம்மியையும் சில இடங்களில் வல்லாரையையும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென் மண்டல மையம் இருக்கிறது. அது போன்ற இடத்தில் செடியை அடையாளம் காட்டிச் சான்று பெற்று, அந்தச் செடியின் உலர்த்திய மாதிரியைப் பதிவுக்காகப் பாதுகாக்கும் வழக்கம் அந்த ஆய்வகத்தில் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தின் பக்கம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆலோசகராக நான் வேலை தொடங்கிய புதிதில், ஒரு மாணவியை ஒரு கல்லூரிக்குத் துணிந்து அனுப்பிவைத்தேன். அங்கே விலங்குக் கூடத்தின் பதிவு காலாவதியாகியிருந்ததை நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் அனுமதிக்காகக் காத்திருந்துவிட்டு, தலைப்பையே மாற்றிக்கொண்டாள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவில் விலங்குக் கூடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்ட அந்தக் குழுவை இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்கிறார்கள். அதற்கு மேல், மகளின் ஆய்வுத் திட்டத்துக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். சேருவதற்கு முன்பே பதிவுச் சான்றின் தேதியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பண விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். அறிவியல் மாணவர்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், அவற்றோடு வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), உயிரித் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் தேர்வுகளும் இருக்கின்றன. உதவித்தொகையோ, நெறியாளரின் திட்டத்தில் ஊதியமுள்ள இடமோ இல்லாமல், கைக்காசைச் செலவழித்து எலி வாங்கித் தீவனம் போட்டு ஆய்வு செய்ய நான் எவரையும் தூண்டுவதில்லை. ஓராண்டு கூடுதலாகப் படித்துத் தேர்வை வென்றுவிட்டுச் சேர்வது நல்லது. பிறகு வேலை என்ன என்றால், கல்லூரி ஆசிரியர் பணி ஒரு வழி. பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் நிறுவனங்களும், மருந்து ஒழுங்குமுறைப் பணியும், மருத்துவ எழுத்துப் பணியும் மற்ற வழிகள். அங்கே வல்லாரையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. விலங்கைக் கையாளத் தெரியுமா, தரவைச் சரியாகப் பதியத் தெரியுமா, புள்ளியியல் வருமா என்றுதான் கேட்பார்கள்.

இனித் தம்பியின் மாத்திரை. எலியின் மூளை மிக வேகமாக வளர்வது பிறந்த முதல் மூன்று வாரங்களில். மனிதக் குழந்தைக்கு அதற்கு இணையான காலம் கருவின் கடைசி மாதங்களில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வயதுவரை. பதினேழு வயதுப் பிள்ளை அந்தப் பருவத்தை எப்போதோ கடந்துவிட்டான். எலிக்குட்டிக்குக் கிடைத்த பலனை அவனுக்குச் சொல்ல முடியாது. அளவையும் நேரடியாகப் பெருக்கக் கூடாது. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்ததாக வைத்துக்கொண்டால், உடற்பரப்பை வைத்துச் செய்யும் வழக்கமான கணக்கில் அதை 6.2ஆல் வகுக்க வேண்டும்; 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,600 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வருமே தவிர, 10 கிராம் ஆகாது. இந்தக் கணக்கும்கூட மனித ஆய்வைத் தொடங்கும் விஞ்ஞானிகளுக்குத்தானே தவிர, நாம் வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கில்லை. நீர்ப்பிரம்மியை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பெரும்பாலும் வயதுவந்தவர்களிடம், நாள்தோறும் 300 மில்லிகிராம் அளவில் 12 வாரம் நடந்தவை. பலன் மிதமானது, சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் வந்தன. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வல்லாரைத் துவையல் அவனுக்குப் பிடித்தால் கீரையாகச் சாப்பிடட்டும். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுத்துப் படிப்பதை நிறுத்தியபின், உயிரியல் படித்து வரும் பிள்ளைகள் பலர் எலியைக் கையில் தொட்டதே இல்லை. ஆய்வு முடிவில் அந்தக் குட்டிகளின் மூளையை எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் அவள் தெரிந்திருக்க வேண்டும். நெறியாளரிடம் அனுமதி கேட்டு இரண்டு நாள் விலங்குக் கூடத்தில் இருந்து, கூட்டின் மரத்தூளை மாற்றுவதிலிருந்து எலியின் வாய்வழியே குழாய் செலுத்திச் சாறு புகட்டுவதுவரை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மனம் ஒப்பவில்லை என்றால் இதே கேள்வியைச் செல் வளர்ப்பிலோ தாவர வேதியியலிலோ தொடர இடமிருக்கிறது. பார்த்துவிட்டு வந்தபின், விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்னால், அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.