ஏழு தொகுதிகளையும் இன்றே பிரியுங்கள்

கேள்வி: ஜப்பானிய உணவைப் பற்றிய ‘ஒய்ஷின்போ’ என்ற மாங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஆங்கிலத் தொகுதிகள் ஏழையும் சேர்த்துவிட்டேன். மீதியும் வந்தபிறகு முதலிலிருந்து வரிசையாகப் படிக்கலாம் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பது?
- கல்லூரி மாணவி

பதில்: காத்திருக்காதீர்கள், அம்மா. ஜப்பானில் 1983-ல் தொடங்கிய தொடர் இது. கதை தெட்சு கரியா, ஓவியம் அகிரா ஹனாசாகி. நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்தபின் 2014-ல் நின்றது. ஆங்கிலத்தில் 2009, 2010-ல் ஏழு வந்தன, எட்டாவது வரவில்லை.

அதோடு, அந்த ஏழும் தொடரின் முதல் ஏழு அல்ல. சாக்கே என்ற அரிசி மது, மீன், ராமென் என்ற நூடுல்ஸ், சோறு என்று தலைப்புவாரியாகப் பொறுக்கி எடுத்தவை. ஓர் அத்தியாயத்தில் கதாநாயகன் யமாஓகாவுக்கும் அவனோடு வேலை செய்யும் குரிட்டாவுக்கும் திருமணமே ஆகியிருக்காது, இன்னொன்றில் குழந்தையே இருக்கும். நீங்கள் நினைக்கிற வரிசை அதில் கிடையாது. நூற்றாண்டு காணும் நாளிதழுக்காக யமாஓகா உன்னதமான உணவுப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறான், அவனுக்கு எதிரே நிற்பது பெற்ற தகப்பன் யூசான். இது தெரிந்தால் போதும், எங்கிருந்தும் நுழையலாம்.

ஜப்பானியச் சமையல் என்ற தொகுதியை முதலில் எடுங்கள். தாஷி என்ற அடிச்சாறு பற்றி அதில் வரும். அதைப் படித்த வாரமே நான் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கொம்பு என்ற கடற்பாசி ஒரு துண்டு, அரை மணி நேரம் ஊறல், அப்புறம் சிறு தீ. அடியில் பொடிக் குமிழ் கிளம்பியதும் பாசியை எடுத்துவிட வேண்டும், கொதிக்கவிட்டால் கசக்கும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கட்சுஓபுஷியை ஒரு கை அள்ளிப் போடுங்கள். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்து, இழைப்புளியில் மரம் சீவுவதுபோல் சீவிய சுருள் அது. நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். சுருள் மூழ்கியதும் பிழியாமல் வடிகட்டுங்கள். வெளிர்மஞ்சள் நீர்தான், ஆனால் வாயில் வைத்ததும் நாக்கு முழுக்கப் பரவும். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகெடா ‘உமாமி’ என்று பெயரிட்ட சுவை அது. கொம்புச் சாற்றிலிருந்துதான் கண்டுபிடித்தார்.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். பக்கங்களை வலமிருந்து இடமாகப் படியுங்கள். சோற்றுத் தொகுதியைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் எடுங்கள். படித்து முடித்ததும் ஆவி பறக்க ஒரு தட்டுச் சோறு முன்னால் இருக்க வேண்டும்.