பந்து பொறுக்கும் பிள்ளைகள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் மைதானத்தில் ஞாயிறுதோறும் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு ஃபுட்பால் சொல்லித்தருகிறேன். என் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். ஏப்ரல் 6 சர்வதேச விளையாட்டு தினத்தில் பத்து நாட்டுக் கொடி கட்டி ‘உலகக் குடிமக்கள்’ விழா எடுக்க ஆசை. பிறகு கோவைப் போட்டிக்கும் போகவேண்டும். பிள்ளைகளுக்குள் ஓயாத சண்டை. சரிவில் விழும் பந்தை எடுத்துத்தர ஜார்க்கண்ட் பிள்ளைகள் மூவர் இருப்பதால் நேரமாவது மிச்சம். ஒற்றுமைக்கு என்ன வழி?

பதில்: போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்தக் கடைசி விஷயத்தைப் பேசுவோம் தம்பி. அந்த மூவரும் உங்கள் பதினைந்தில் சேர்த்தி இல்லை. பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளையை எடுபிடியாக வைத்துக்கொண்டு பிரேசில் கொடிக்குத் துணி வாங்கப் போகிறீர்கள்!

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இந்த மலையில் தேயிலை போட்டது. வந்த புதிதில் உங்கள் தாத்தாவை இங்கே எப்படி நடத்தினார்கள் என்று வீட்டில் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த மூவர் முகத்தையும் பாருங்கள்.

காட்டுமாடும் கரடியும் நடமாடும் தேயிலைக்குள், குனிந்து பந்து தேட உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? கோல்போஸ்ட் சரிவு விளிம்பில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். தப்பிய ஷாட்டெல்லாம் அதன் பின்னால்தான் போகும். சரிவுப் பக்கம் சைடு லைனாகட்டும். அங்கே மூங்கில் நட்டு, பழைய மீன்வலையை ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். அடியில் ஒரு சாண் வலை தரையில் மடங்கிக் கிடக்கட்டும். அதன்மேல் கல் வையுங்கள். இல்லாவிட்டால் உருண்டு வரும் பந்து கீழே நுழைந்து போய்விடும். துள்ளல் குறைந்த ஃபுட்சால் பந்து வாங்குங்கள். அதற்கும் மேல் போனால், உதைத்தவனே பெரியவர் ஒருவரோடு போய் எடுக்கட்டும். மூடுபனி இறங்கிவிட்டால் பந்து காலைவரை அங்கேயே கிடக்கட்டும்.

சண்டைக்கு மருந்து 1990களில் கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் கண்டது. ரெஃப்ரி கிடையாது. பதினெட்டுப் பேரையும் ஆறாறாகக் கலந்து மூன்று அணி போடுங்கள். இரண்டு ஆடும்போது மூன்றாவது கவனிக்கட்டும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து விதியைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, விதியைக் காத்த அணிக்குத் தனிப் புள்ளி. “எல்லாரும் நல்லா ஆடினாங்க” என்று எழுந்து ஓடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். “இன்னிக்கு யாருக்குப் பந்தே வரல?” என்று கேளுங்கள். கவனித்த அணி விரல்விட்டுச் சொல்லும். மொழி ஒரு சாக்கு. ஜார்க்கண்ட் பையன் இந்தியில் ‘பீச்சே’ என்றால் பின்னால் ஆள் வருகிறான் என்று உங்கள் பிள்ளைகள் கற்கட்டும்; அவனும் ‘விடு’, ‘திரும்பு’ கற்பான்.

நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய சங்கத்தின் லீக்கில், தெருவைச் சுத்தம் செய்த அணிக்கும் புள்ளி உண்டு. இங்கே வலை கட்டினவர்களுக்குக் கொடுங்கள்.

கொடிக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்று ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்குங்கள். சனிக்கிழமை கொழுந்து நிறுவை முடிந்ததும் அந்த மூவரின் தாய்மாரைப் பார்த்து, மகனை அணியில் சேர்க்கிறேன் என்று நேரில் கேளுங்கள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் அவர்களுக்கு உறவு நீங்கள்தான். கோவைப் போட்டியா? பட்டியலில் பதினெட்டுப் பெயர் இருந்தால் போங்கள். பதினைந்துதான் என்றால் பஸ் ஏறவே வேண்டாம்.